பீதியடையத் தேவையில்லை

அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ‘விசாரணை’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. மே மாதத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, மாதக்கணக்கில் ஜீப்புகள் ஓடித் தேய்ந்த சாலை அது. அதனால் மார்கழியில் நாங்கள் சுங்குவார்சத்திரத்தில் போய் இறங்கி, விசாரணைக் கமிஷன் என்று சொன்னதுமே லாட்ஜ்காரர் எழுந்து நின்று, “தெரிஞ்சதெல்லாம் அப்பவே சொல்ட்டோம் சார்” என்று என் ஜூனியரைப் பார்த்துக் கும்பிட்டார்.

இது அது இல்லை, ஐப்பசி மழையில் வந்த வாந்திபேதியைப் பற்றியது என்று நான் சொன்னேன். அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை. “அதுவா?” என்றார். சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, “அத்தப் பத்தி இங்க யாரும் பேச மாட்டாங்கம்மா” என்றார்.

நடந்தது இதுதான். ஐப்பசியில் பெய்த பெருமழையில் ஏரிக்கரையை ஒட்டிய மூன்று ஊர்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றாகிவிட்டன. முதலில் குழந்தைகளுக்கு வந்தது. பிறகு எல்லாருக்கும் வந்தது. காலையில் வயலுக்குப் போனவர்களைச் சாயங்காலம் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பத்திரிகைகளில் வந்ததும் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து ஒருநபர் கமிஷன் போட்டது. சட்டசபை கூடுவதற்குள் அறிக்கை வேண்டும் என்றது. கமிஷனின் வக்கீல்களுக்குத் தலைமை தாங்க நீதிபதி என்னைக் கூப்பிட்டார்.

தலைமை என்றால் பெரிய படை ஒன்றும் இல்லை. நான், இரண்டு ஜூனியர்கள், ஒரு ஸ்டெனோ, அவ்வளவுதான். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை நிலத் தகராறும் பாகப்பிரிவினையுமாகவே காலம் தள்ளியவள். நோயைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். “நோயைப் பத்தி டாக்டருங்க சொல்லுவாங்க. யாரு, எப்ப, யாருக்கு, என்ன சொன்னாங்க? அதைக் கண்டுபிடிக்கிறதுதான் நம்ம வேலை” என்றார் நீதிபதி. அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் பெரிய ரோட்டை ஒட்டியிருந்த கல்யாண மண்டபம் ஒன்று சும்மா கிடந்தது. அதுதான் எங்கள் விசாரணை மன்றம். மணமேடையில் நீதிபதிக்கு மேசை போட்டோம். மணமகள் அறை எங்கள் அலுவலகம் ஆனது. அந்த அறைக் கண்ணாடியின் ஓரமெல்லாம், அலங்காரம் மாற்றும்போது மணப்பெண்கள் எடுத்து ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு, மெரூன், பச்சை. இறந்தவர்களின் குடும்பத்தினர் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் எங்களிடம் பேசினார்கள்.

லாட்ஜ்காரர் சொன்னது தவறு. பேசினார்கள். தனித்தனியாக, தாழ்ந்த குரலில், எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். முதல் சாவுகளுக்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டார்கள். தூரத்தில் இருந்த ஒரு வயல் கிணற்றிலிருந்து கொண்டுவந்து குடித்தார்கள். சாவு குறைந்தது. அப்போது மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. காலரா எல்லாம் இல்லை, குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டே மூன்று ஊர்களையும் சுற்றியது. ஜனங்கள் மறுபடி குழாயடிக்குப் போனார்கள்.

அந்த அறிவிப்பைச் செய்யச் சொன்ன அதிகாரி முதல் நாளே சாட்சி சொல்லிவிட்டிருந்தார். நடுத்தர வயதுக்காரர், அமைதியானவர், களைத்துப்போனவர். “தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கணும்னு சொல்லத்தான் சொன்னேன். வாய்மொழியாத்தான் சொன்னேன். அந்த சவுண்ட் சர்வீஸ் ஆளு தன் இஷ்டத்துக்கு மாத்திப் பேசிட்டார்” என்றார். சவுண்ட் சர்வீஸ்காரர் திரும்பப் பேசப் போவதில்லை. அவரும் அதே நோயில் இறந்துவிட்டிருந்தார். ஆட்டோ ஓட்டியவருக்கு அனுப்பிய சம்மன், ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வந்திருந்தது. மிச்சம் இருந்தது ஒரு கேசட். போலீஸ் அதை ஆட்டோவிலிருந்து எடுத்து மற்றவற்றோடு சேர்த்து எங்களுக்கு அனுப்பியிருந்தது.

மறுநாள் மதியம், சாப்பாட்டு இடைவேளையில், சவுண்ட் சர்வீஸ்காரரின் மனைவி மணமகள் அறைக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வக்கீலம்மா, அந்தக் கேசட்டு உங்ககிட்டதான் கீதுங்களா?”

“ஆமா.”

“அத்த எல்லார் முன்னாடியும் போடப் போறீங்களாமே. போடாதீங்கம்மா. உங்க கால்ல வேணா வுழறேன்.”

ஏன் என்று கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடி அவள் பேசினாள். என்னைப் பார்த்துப் பேச முடியாமல் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் கணவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். சர்ச் திருவிழாவுக்கும் அவர்தான், அம்மன் கோயில் கூழ் ஊற்றுவதற்கும் அவர்தான். கல்யாணம், காதுகுத்து, துக்கச் செய்தி எல்லாவற்றையும் அவர் குரலில்தான் அந்த ஊர்கள் கேட்டு வந்தன. “இவரு சொன்னா ஊரு கேக்கும். அதான் ஆபீசுக்காரங்க இவரத் தேடிக்கினு வந்தாங்க” என்றாள். கேசட்டில் பேசிக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தார். வேண்டாம் என்று இவள் தடுத்திருக்கிறாள். “ஊருக்கே சொல்லிட்டு நான் குடிக்காம இருந்தா நல்லாவா இருக்கும்னு கேட்டாரு. ரெண்டே நாள்தாம்மா.”

பிறகு அவள் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதாமலே நினைவில் இருக்கிறது.

“வாசல்ல பாடிய வச்சிக்கினு கீறோம். பொம்பளைங்கல்லாம் அழுதுக்கினு கீறாங்க. ரோட்டுப் பக்கத்துலேர்ந்து அவரு குரல் வருது. ‘அன்பார்ந்த பொதுமக்களே’ன்னு. அழுதுக்கினு இருந்தவங்க எல்லாம் கப்புனு நிறுத்திட்டாங்க. நான் அவரு மூஞ்சியப் பாக்கறேன். வாயத் துணியால கட்டி வச்சிகீது. குரலு கிட்ட வந்துக்கினே கீது. தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லிக்கினே வருது.”

ஜூனியர் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“அப்பறம் எங்க வூட்டு மேல கல்லு வுட்டாங்க. நான் கோச்சிக்கல. அவங்க வூட்லயும் செத்தாங்க இல்ல? ஆனா செத்தப்புறமும் அவரு பொய் சொல்லிக்கினே சுத்தணுமாம்மா?”

அதிகாரி சாட்சி சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் கணவர்தான் வார்த்தைகளை மாற்றினார் என்று அவர் சொன்னதை. அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாது? அவரா மாத்தினாரா? அந்த வார்த்தயே அவரு வாயில நொழையலியேம்மா!”

எந்த வார்த்தை என்று கேட்டேன். சொன்னாள். இதைச் சாட்சிக் கூண்டில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். சொன்னால் கேசட்டைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். “போடுங்க. நான் வெளிய போய் நின்னுக்கறேன்” என்றாள்.

மறுநாள் மண்டபம் நிரம்பியிருந்தது. மூன்று ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பந்தி நாற்காலிகள் போதாமல் சுவரோரமாக நின்றார்கள். அவள் சாட்சி சொல்ல மேடையேறியபோது ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“அறிவிப்பை யார் எழுதினாங்க?” என்று கேட்டேன்.

“அவங்கதாம்மா. பேப்பர்ல எழுதி எடுத்துக்கினு எங்க வூட்டுக்கே வந்தாங்க. இவரு எதயும் ஒருவாட்டி படிச்சிப் பாத்துட்டுதான் பேசுவாரு. படிச்சாரு. ‘பொதுமக்கள் பேதியடையத் தேவையில்லை’ன்னு படிச்சாரு.”

மண்டபத்தில் எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு போல ஏதோ கிளம்பி, பாதியில் நின்றது.

“இதோ உக்காந்துக்கினு கீறாரே, இந்த ஆபீசர் சாருதான் சொன்னாரு. ‘யோவ், பேதி இல்லய்யா, பீதி, பீதி’ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். ‘பீதின்னா இன்னா சார்?’னு இவரு கேட்டாரு. ‘பயம்யா’ன்னாரு. ‘அப்ப பயம்னே சொல்லிடறேன் சார், ஜனங்களுக்குப் புரியும்’னாரு இவரு. ‘எழுதினத எழுதின மாரியே படி’ன்னு சொல்லிட்டாரு.”

“அந்தப் பேப்பர் எங்கே?”

“அவங்களே எடுத்துக்கினு போய்ட்டாங்க.”

அதிகாரியின் வக்கீல் எழுந்தார். திறமையானவர், எனக்குத் தெரிந்தவர். எல்லாம் கணவர் பெயரைக் காப்பாற்றக் கட்டிய கதை என்றார். அப்போது உடன் இருந்தவர்கள் வேறு யார் என்று கேட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர் இருந்தார் என்றாள் அவள். “அவர் எங்கே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஜூனியர், லாட்ஜில் இருந்து இரவல் வாங்கி வந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்தார். அவள் மேடையிலிருந்து இறங்கி வாசலை நோக்கிப் போனாள். பட்டனை அழுத்தும் சத்தம் கேட்டது.

“அன்பார்ந்த பொதுமக்களே!”

நல்ல குரல். கனமான குரல் இல்லை. லேசாக மூக்கடைத்தது போல, விருந்துக்கு அழைக்கிறவர் குரல் போல, கேட்டதும் நம்பத் தோன்றும் குரல். “நமது பகுதியில் பரப்பப்படும் வதந்திகளை நம்ப வேண்டாம். காலரா நோய் எதுவும் இல்லை. குழாய்களில் வரும் தண்ணீர் பாதுகாப்பான தண்ணீர். பொதுமக்கள்…” இந்த இடத்தில் குரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு, திருத்தப்பட்ட மாணவன் கவனமாகச் சொல்வது போல, அந்த முதல் எழுத்தை நீட்டி, “பீ…தியடையத் தேவையில்லை” என்றது.

எல்லாருக்கும் கேட்டது. ஸ்டெனோவின் கை நின்றுவிட்டது. அதிகாரியின் வக்கீல் பேனாவை மூடி வைத்தார். வாசலில் அவள் வெளியே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடுகள் குரலோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. கேசட்டில் அறிவிப்பு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஊர் ஊராகச் சுற்றுவதற்காகத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, “நிறுத்தச் சொல்லுங்க, எம் புள்ளக்கி இத்தக் கேட்டுட்டுதான் தண்ணி குடுத்தேன்” என்றாள். கத்தவில்லை. சும்மா சொன்னாள்.

“நிறுத்துங்க சார்!”

கத்தியது பின்னால் நின்றிருந்த ஒருவர். நீல நிறக் கம்பெனி யூனிபார்மில், முகத்தை மறைத்துத் துண்டு போட்டிருந்தார். துண்டை எடுத்துவிட்டு நடுவழியில் நடந்து வந்தார். ஜூனியர் பதற்றத்தில் தவறான பட்டனை அழுத்த, குரல் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் நின்றது.

“நான்தான் ஐயா வண்டி ஓட்டினவன். எங்கயும் போவல. இங்கதான், பக்கத்துல ஒரு கம்பெனில வேல செய்யறேன். அந்தம்மா சொன்னது அத்தினியும் நெசம். நானும் சிரிச்சேன்.”

அவருக்கு உறுதிமொழி எடுக்க வைத்தோம். பேப்பரைப் பார்த்ததாகச் சொன்னார். திருத்தியது யார் என்று கேட்டதற்குக் கையை நீட்டி அதிகாரியைக் காட்டினார். நீதிபதி மெதுவாகக் கேட்டார்: “குரலுக்குச் சொந்தக்காரர் இறந்த பிறகும் வண்டியை ஏம்ப்பா ஓட்டினீங்க?”

“செத்தது தெரியாது ஐயா. ஆஸ்பத்திரியில கீறாருன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். ஆபீசுல மூணு ஊரும் சுத்தச் சொன்னாங்க, சுத்தினேன். அவரு வூட்டாண்ட வந்து பந்தலப் பாத்தப்பதான்…” போதும் என்றார் நீதிபதி.

அன்று சாயங்காலம் மண்டபத்தின் சமையல் கட்டுப் பக்கம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்து நின்றார். “மேடம், அந்தப் பேப்பரை எழுதினது நான் இல்ல. எனக்கும் மேலேர்ந்து வந்ததுதான். அந்த நோயோட பேரு எதுலயும் வரக் கூடாதுன்னு உத்தரவு” என்றார். யார் உத்தரவு, நாளைக்குக் கூண்டில் ஏறிச் சொல்வீர்களா என்று கேட்டேன். “எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. அது அப்போது எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

அந்த வார மிச்ச நாட்களும் அங்கேதான் இருந்தேன். விடிவதற்கு முன்பே கோயில் ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கிவிடும். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் மைக்கை யாரோ தட்டிப் பார்ப்பார்கள், ஒரு கணம் கரகரவென்று மூச்சு கேட்கும். அந்த ஒரு கணத்துக்காக நான் போர்வைக்குள் விழித்துக் காத்திருப்பேன். பாட்டு வந்ததும் நிம்மதியாக இருக்கும்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு அது நின்றுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். பல வருடங்கள் கழித்து, கொரோனா ஊரடங்கில், எங்கள் தெருவில் குப்பை வண்டி காலியான சாலையில் பதிவு செய்த குரலோடு வந்தது. கை கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்று நல்ல விஷயத்தைத்தான் சொன்னது. ஆனால் வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் நின்றிருந்தேன். வண்டியில் கேட்ட குரலுக்கு உரியவர் அப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்ற கேள்விதான் மனதில் ஓடியது. மகள் வந்து, “தண்ணி வீணாப் போகுதேம்மா” என்றாள். குழாயை மூடினேன்.

கமிஷன் அறிக்கை குறித்த காலத்தில் முடிந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் மீது எந்தக் குற்றமும் இல்லை, கொடுத்ததைப் படித்தார், நோயின் பெயரை மறைக்கும் முடிவு நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் எடுக்கப்பட்டது என்று நீதிபதி தெளிவாக எழுதினார். அந்தப் பத்தியை வரைவு செய்தது நான். அரசாங்கம் அறிக்கையை வாங்கிக்கொண்டது. சட்டசபையில் வைக்கவில்லை. அதிகாரிக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது. நீதிபதி சில காலம் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

மறு வருடம் ஒரு நாள் சவுண்ட் சர்வீஸ்காரரின் மனைவியும் ஆட்டோ ஓட்டியவரும் ஹைகோர்ட் பக்கத்தில் இருந்த என் சேம்பருக்கு வந்தார்கள். அவர் வேலை செய்த கம்பெனியிலேயே அவளுக்கும் பேக்கிங்கில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். சொல்லக் கூடாதுதான். சொன்னேன். என் நினைவிலிருந்த அளவுக்கு அந்தப் பத்தியை அப்படியே சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். “இத்த மைக்குல சொல்லுவாங்களாம்மா?” என்றாள்.

“இல்லம்மா.”

“மூணு ஊருக்கும் கேக்கற மாரி?”

“சொல்ல மாட்டாங்க.”

ஆட்டோ ஓட்டியவர், “நான் ஒரு வண்டி எடுத்தாறேன். யாரயாவது பேச வச்சி நாமளே சுத்திட்டு வந்துருவோம்” என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். “திரும்பவும் வண்டி வந்தா ஜனங்க பயந்துருவாங்க” என்றாள். பிறகு கேசட்டைப் பற்றிக் கேட்டாள். அது அரசாங்கத்திடம் இருக்கிறது என்றேன். அழிக்க மாட்டார்களா என்று கேட்டாள். சான்றாக வைத்ததை அழிக்க முடியாது என்றேன். “அப்ப அது எங்கியோ கீது” என்றாள். ஆமாம் என்றேன்.

அவர்களை பஸ் ஏற்றிவிட பாரீஸ் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தேன். அவள் சோடா வாங்கக் கடைப்பக்கம் போனபோது அவர் என் அருகில் வந்தார்.

“கமிஷன்ல ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேம்மா. பந்தலப் பாத்ததும் வண்டிய நிறுத்திட்டு கேசட்ட நிறுத்தினேன். குரலு நிக்கல. ஸ்பீக்கரு வயரயே புடுங்கிட்டேன். புடுங்கினப்புறமும் அவரு பேசிக்கினுதான் இருந்தாரும்மா.”

அவள் வருகிறாளா என்று கடைப்பக்கம் பார்த்தேன்.

“எனக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அந்தம்மாக்கும் கேட்டுதாம். இன்னிக்கி பஸ்ல வரும்போதுதான் சொன்னாங்க.”

“இப்பவும் கேக்குதா?”

“கம்பெனில தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல கேக்காது. அந்த மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. எல்லாரும் காது போயிடும்னு வேணாங்கற மெஷின நான் சூப்பர்வைசர் கிட்ட கேட்டு வாங்கிக்கினேன். ஓ.டி. எல்லாம் எனக்கே குடுத்துடறாங்க.”

“லீவு நாள்ல?”

“லீவு போடறதில்லம்மா” என்றார். காஞ்சிபுரம் பஸ் வந்துவிட்டது. அவள் சோடாவை அவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஏறினாள். அவர் பின்னால் ஏறி, உள்ளே இடம் இருந்தும் உட்காராமல், இன்ஜின் பக்கமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.